ரெண்டு தட்டு

“ஹலோ... ஆமா... ஆமாலே, ராஜமணிதான். எனக்க போனை வேற ஆரு எடுப்பா?... கண்டேன், கண்டேன். இப்பந்தான் டிவிய அணைச்சேன்... வேண்டாம் பெருமாளு, அதப் பத்தி ஒண்ணும் பறையாத. வயிறு எரியுது எனக்கு... அஞ்சுக்கு அஞ்சு வர இழுத்துக் கொண்டு வந்து, கடேசி ஃபிரேமுல, சவம்...”

ராஜமணி போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையில் இப்போதெல்லாம் போன் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. வெளியே ஐப்பசி மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. குலசேகரத்தில் மத்தியானம் தொடங்கும் மழை விளக்கு வைக்கும்வரை விடாது. அடுக்களையில் அவர் மனைவி குளோரி மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

போனில் இருந்தவர் நாராயணபெருமாள். இருவரும் பஹ்ரைனில், மனாமாவில், ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் பதினோரு வருடம் மார்க்கராக நின்றவர்கள். பெரிய மனிதர்கள் குச்சியால் பந்தடித்து விளையாட, விழுந்த பந்தை எடுத்து வைத்து, புள்ளி சொல்லி, பச்சைத் துணியைத் துடைத்து, இரவெல்லாம் நிற்கிற வேலை. இரண்டாயிரத்து நாலில் கிளப்பை மூடினான் அரபி. ஊருக்கு வந்த இரண்டு பேரும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் சேர்ந்தார்கள். கணக்கும் இங்கிலீஷும் தெரிந்த பெருமாள் சூப்பர்வைசர் ஆனார். ராஜமணியின் கையில் பால்வெட்டுக் கத்தி வந்தது. எட்டு வருடமாகத் தோட்டத்தில் நாலு பேர் முன்னால் ‘சாரே’ என்றுதான் கூப்பிடுவார் ராஜமணி. டிவியில் ஸ்னூக்கர் முடிந்து போன் அடித்துவிட்டால் இரண்டு பேரும் பழைய மார்க்கர்கள், ‘லே’தான்.

“டிவியில காட்டுனதே அதிசயம்லா?... ஹா, எடங்கையனுக்கு வேண்டியா காட்டினானுவ? போட்டி நடக்கியது சீனாவுல, எதிர்ல நிக்கியவன் சீனாக்காரன். கேமரா வந்தது அவனுக்கு வேண்டி. நம்ம ஆளு சும்ம கூட வந்தவன்... போன மாசம் ஓர்ம இருக்கா? நாலாம் நம்பர் டேபிளு. கேமராவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டிவிக்க அடியில ஓடுன நம்பரப் பாத்துட்டுல்லா நாம ரெண்டு பேரும் இருந்தோம்... ஆமா, ஆமா. நாப்பத்தாறு அடிச்சான்னு எழுத்து வருது. எப்பிடி அடிச்சான், எந்தப் பந்த எங்க நிறுத்துனான், ஆருக்குத் தெரியும்?”

இடங்கையன் என்று இவர்கள் சொல்வது கார்வெல் என்கிற ஓர் இங்கிலாந்துக்காரனை. இடது கையால் ஆடுவான். மனாமா கிளப்பின் டிவியில் அவனை முதன்முதலாகப் பார்த்தபோது அவனுக்கும் இளமை, இவர்களுக்கும் இளமை. கட்சிக்காரன் கட்சி மாறலாம், சபைக்காரன் சபை மாறலாம், இவர்கள் இருவரும் ஆளை மாற்றவில்லை. இன்றைக்குப் பதினெட்டு வருடம் ஆயிற்று.

“என்ன?... அது நியாயம் இல்ல பெருமாளு... இல்ல, நீ கேளு. ஃபார்ம் போச்சுன்னா ஒடனே மூலை டேபிளுல கொண்டு தள்ளிரணுமா?... செரி, தோத்தான். இந்த வருசம் ஆறு மாட்ச் தோத்தான், உள்ளதுதான். அதுக்கு?... சின்னப் பயலுவளக் காட்டட்டு, வேண்டாம்னா சொல்லுகேன்? இருவது வருசம் நின்னவனுக்கு ஒரு வெளக்கு போட்டுக் கொடுக்கப்பிடாதா?... குடிக்கியானா? ஆரு பறஞ்சா?... நீ கண்டியா?... பின்ன என்னத்துக்கு வாயில வந்ததப் பறையிய? குடிச்சவனுக்க கை அப்பிடி இருக்காது. எனக்குத் தெரியும்.”

அந்தக் கடைசி வார்த்தை வேண்டாத வார்த்தை. சொன்ன பிறகுதான் ராஜமணிக்கு உறைத்தது.

அவருடைய கை ஆடி மாதத்தில் நடுங்க ஆரம்பித்தது. முதலில் பெருவிரல் மட்டும், சும்மா இருக்கும்போது மட்டும். நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினார். டாக்டர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். அடுத்த தடவை வரும்போது வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால்தானே கூட்டிக்கொண்டு போவதற்கு. ராஜமணி போகவேயில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கட்டன்சாயா டம்ளரில் முக்கால்தான் வருகிறது, குளோரிக்கு வரவரக் கை சுருங்கிவிட்டது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். எதனால் முக்கால் என்று ராஜமணியின் மரமண்டைக்கு எட்டவில்லை.

“இல்ல, ஒண்ணும் இல்ல... மழைச் சத்தம்... சொல்லு, கேக்குது... என்னது? பிளாக் எட்டா?”

ராஜமணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ஆமா... ஆமா, கேள்விப்பட்டேன். காலத்த பால் அளக்கிய எடத்துல பேசிட்டு நின்னானுவ... நீ போய் எண்ணுனியா?... பதினேழு மரமா... ம்... ம்... தடியில கத்தி பட்டிருக்கு, செரி... மண்ணு பூசி வச்சிருந்தா?... மழையில கரைஞ்சிட்டு. ஆமா, மழைக்குத் தெரியுமா...”

ரப்பர் மரத்தில் பட்டையைத்தான் வெட்ட வேண்டும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் காகிதம் போல் ஒரு தோல் இருக்கிறது, அதைத் தொடாமல் கத்தி ஓட வேண்டும். தொட்டால் அந்த இடம் முண்டு கட்டி, பிறகு அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்டவே முடியாது. எட்டு வருடத்தில் ராஜமணியின் கத்தி தடியைத் தொட்ட மரங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இந்தப் புதன்கிழமை விடியற்காலையில் மட்டும் பத்தொன்பது மரம். ஒவ்வொன்றிலும் ஈர மண்ணைக் குழைத்து அப்பி, வழித்து, வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திருடனைப் போலத் திரும்பிப் பார்த்தவர் அவர்தான்.

ஆனால் தோட்டத்தின் எட்டாம் பகுதியான பிளாக் எட்டு இன்னொரு வெட்டுக்காரனான ரசலையனுடையது. புதன்கிழமை ரசலையனின் மகளுக்குப் பேறுகாலம். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், லீவு கேட்டால் கிடைக்காது. வெட்டுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் போக முடியாவிட்டால் இன்னொருத்தன் தன் மரங்களை அவசரமாக முடித்துவிட்டு அவன் மரங்களையும் வெட்டிக் கொடுப்பான். சூப்பர்வைசருக்குத் தெரியாது, ரெஜிஸ்டரில் இருக்கிற பெயர் மாறாது. வெட்டிக் கொடுத்தவனை எந்த நிலையிலும் காட்டிக் கொடுக்கவும் மாட்டார்கள். ரசலையன் இன்று காலை பெருமாள் முன்னால் தலையைக் குனிந்து நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ராஜமணியைத் தாண்டிப் போகும்போது, “சாயா குடிச்சாச்சா அண்ணே?” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பதிலாக இரண்டு அடி அடித்திருந்தால் ராஜமணி நிம்மதியாக வீட்டுக்கு வந்து டிவி பார்த்திருப்பார்.

“ரசலையன் என்ன சொன்னான்?... ஒண்ணும் பறையல்லியா... ம்... திங்கக்கிழமயா? திங்கக்கிழம மொதல் வேலைக்கு வராண்டாம்னு சொல்லியாச்சா?... இல்ல, சொல்லப் போறியா... பெருமாளு, அவனுக்கு மவ பெத்துக் கெடக்குலா. செத்த நாள் கழிச்சு... செரி, மொதலாளி வாறாரு. அதுக்கு... நானா? நான் என்னத்துக்கு?... மொதலாளி முன்னால நான் வந்து நின்னு சொல்லணுமா, வெட்டு மோசம்னு?”

குரல் இறங்கிவிட்டது.

“தோட்டத்துல நல்ல கை எனக்க கையா... அப்பிடி ஒண்ணும் இல்ல சாரே... சாரேன்னா வந்துட்டு, அதுக்கென்ன இப்பம்?... எட்டா? எட்டு எனக்கா?... இல்ல, அது நல்ல மரம், எனக்குத் தெரியாதா? மொதலாளி நடக்கிய ரோட்டுப் பக்கம். டிவி டேபிளு மாதிரில்லா அது... சிரிக்காத. வேண்டாம்... எனக்கு வேண்டாம் பெருமாளு, நெறைய பேரு இருக்கானுவ, வேற ஆருக்காவது கொடு... நீ எனக்கு வேண்டித்தான் செய்யிய, எனக்குத் தெரியும். தெரியும்லே. எட்டு வருசமா எடுத்து வச்ச எடமா... ம்.”

பெருமாள் மனதில் இப்படி ஒரு நினைப்பு இருந்தது ராஜமணிக்கு இதுவரை தெரியாது. எட்டு வருடம் ‘சாரே’ என்று கூப்பிட வைத்ததற்கு அவர் தனக்குள்ளே ஒரு கடன் வைத்திருந்தார் போலும். அதைத் தீர்க்க அவர் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். ராஜமணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபம் என்று தெரியாததால் அது திரும்ப ஸ்னூக்கர் மேல் போனது.

“நீ மாட்சப் பத்தி பறைய வந்தியா, தோட்டத்தப் பத்தி பறைய வந்தியா?... மாட்ச்னா மாட்சப் பேசு... பொட்டனா? எடங்கையன் பொட்டனா?... அவன் செய்ததுல என்ன தப்பு?”

வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிற கடைசி ஃபிரேமில், அந்தப் பதினோராவது ஆட்டத்தில், கார்வெல் முப்பத்தொரு புள்ளி முன்னால் இருந்தான். சிவப்புப் பந்து ஒன்றை அடிக்கக் குனிந்தான். நடுவில் பச்சைப் பந்து மறித்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே விரலை உயர்த்தி ஊன்றி, அந்த விரல் மேல் குச்சியை வைக்க வேண்டிய நிலைமை. அடிக்கவில்லை. அப்படியே நிமிர்ந்தான், ரெஃப்ரியைப் பார்த்து ஏதோ சொன்னான். தன் விரல் பச்சைப் பந்தில் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறான். நாலு புள்ளியும் அடுத்து அடிக்கிற முறையும் எதிராளிக்குப் போயின. சீனாக்காரன் வந்து மேசையைக் காலி செய்துவிட்டுப் போனான்.

“நானும் கண்டேன்லே. மூணு தடவ திருப்பிப் போட்டுக் காட்டினான், வெரல் பட்டது தெரியல்ல. ரெஃப்ரியும் காணல்ல. அந்தச் சீனாக்காரன் கசேரியில இருந்து வெள்ளம் குடிச்சிட்டு இருந்தான், அவனும் காணல்ல... அதாம்லே நானும் பறையியேன்! ஆரும் காணல்ல. ஆனா பட்டுது. பட்டா பட்டதுதான்... நீயா இதப் பறையிய? நீயா?... வெள்ளிக்கிழம நாம எப்பிடிக் களிச்சோம், மறந்து போச்சா ஒனக்கு?”

வெள்ளிக்கிழமைகளில் கிளப் மத்தியானம்தான் திறக்கும். காலையில் மார்க்கர்கள் இரண்டு பேர் மட்டும். முதலாளி இல்லை, ரெஃப்ரி இல்லை. பதினோரு வருடம் எல்லோருக்கும் புள்ளி சொன்ன இரண்டு பேரும் தங்களுக்குப் புள்ளி சொல்ல ஆள் இல்லாமல் ஆடினார்கள். தப்பு செய்தவன் தானே மேசையின் மரச்சட்டத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பேச்சு வேண்டாம், விளக்கம் வேண்டாம். தட்டிவிட்டால் மற்றவன் குச்சியை எடுத்துக்கொண்டு வருவான். ஏன் எப்படி என்று கேட்டதில்லை.

“ஒரு நாளு கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அத நீ அடிச்சா ஒனக்கு ஜெயம். நான் சிகரெட்டு பத்த வச்சிட்டு ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு நிக்கியேன். டக் டக்குன்னு கேக்குது. திரும்பிப் பாத்தா நீ தள்ளி நிக்கிய... ஒனக்க சட்டக் கையி பட்டுதுன்னு தட்டுன. ஆரு கண்டா? நான் கண்டனா?... ஆமா. அப்பம் நீ பொட்டனா?... பின்ன? வாயி அடைச்சிட்டா?”

அடுக்களையிலிருந்து குளோரி சாயா டம்ளரோடு வந்து கதவருகில் நின்றாள். டம்ளரில் முக்கால்தான் இருந்தது. ராஜமணி அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். நாலு மாதம் கழித்து அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கை நடுங்கினாலும் சிந்தாமல் இருக்கத்தான் அவள் குறைத்து ஊற்றியிருக்கிறாள்.

“...இருக்கேன், இருக்கேன். லைனுலதான் இருக்கேன்... எடங்கையனுக்கு ஃபார்ம் போகல்ல பெருமாளு. அவனுக்க கை வெறைக்கு... எப்பிடின்னா, டிவியில நல்லாப் பாக்கணும். வெரல ஊனியதுக்கு முன்ன ஒரு தடவ துணியில அழுத்தி வைக்கியான் பாரு, வெறையல் நிக்கதுக்கு. குச்சி நுனியில தேய்க்கிய சாக்குக் கட்டிய அந்தக் கையால எடுக்க மாட்டான். வெள்ளக் கிளாசு பாதிக்கு மேல ஊத்த மாட்டான்... ஒரு வருசமாட்டு அவனுக்குத் தெரியும். ஆருட்டயும் சொல்லி இருக்க மாட்டான். சொன்னா அப்பமே மூலை டேபிளுல தள்ளிருவானுவ... நானா? நான் எப்பிடிக் கண்டு பிடிச்சேன்னா...”

குளோரி நகரவில்லை.

“அத விடு. பெருமாளு, நான் ஒண்ணு பறையட்டா?... ரசலையன வேலையில இருந்து எடுக்காத... இல்ல, பாவம் புண்ணியம் பாத்து இல்ல. பொதங்கெழம அவன் தோட்டத்துலயே இல்ல... உள்ளதச் சொல்லுகேன். நாகர்கோவில்ல ஆசுத்திரியில நின்னான்... ரெஜிஸ்டருல அப்பிடித்தான் இருக்கும், அது எங்களுக்குள்ள உள்ள ஏற்பாடு. ஒனக்குத் தெரியாது... தெரியுமா? தெரிஞ்சிட்டுத்தான் கண்ண மூடிட்டு இருந்தியா?... செரி. அது செரி... இல்ல, அவன் பறைய மாட்டான். தலைய வெட்டுனாலும் பறைய மாட்டான். நீ என்னத்துக்கு அவன்ட்ட கேக்கிய?... கத்தாத. பொறு. பொறுலே.”

டம்ளரைக் குளோரி பெஞ்சில் வைத்தாள். ராஜமணி அதை எடுக்கவில்லை.

“நீ எண்ணுனது தப்பு. பதினேழு இல்ல, பத்தொம்பது... ஆமா, பத்தொம்பது. பாறைக்குப் பெறத்தால, ஓட எறங்கிய எடத்துல ரெண்டு மரம் நிக்கு. மழ அங்க விழாது. அதுல மண்ணு கரைஞ்சிருக்காது, நீ பாத்தாலும் தெரியாது. நாளைக்குப் போய் சொரண்டிப் பாரு... எனக்கு எப்பிடித் தெரியுமா?”

வாயைத் திறந்தார். சொல்வதற்கு இரண்டே வார்த்தைதான் இருந்தது, அதற்கு நாக்கு எழும்பவில்லை. கதவருகில் நிற்கிறவள் காதில் அது விழும். சொல்லிவிட்டால் பிறகு எட்டாம் பிளாக்கும் இல்லை, தன்னுடைய பிளாக்கும் இல்லை, கத்தியும் இல்லை. ஐம்பத்துமூன்று வயதில் நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு குலசேகரத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. சின்ன வயதில்கூட இப்படிப் பயந்ததில்லை.

போனை இடது கையால் பெஞ்சுக்குப் பக்கத்தில் இறக்கிப் பிடித்தார். வலது கையின் முட்டியால் பெஞ்சுப் பலகையில் தட்டினார்.

ஒன்று. இரண்டு.

கை நிற்கவில்லை. பலகையின் மேல் இருந்த விரல்கள் மூன்று, நாலு, ஐந்து என்று தாமாகத் தட்டிக்கொண்டே போயின. டம்ளரில் சாயா ஆடியது. அவர் கையைப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பார்த்தார். அப்போதும் நகம் பலகையில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குளோரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

“கேட்டியா?... எத்தன கேட்ட?... இல்ல பெருமாளு. ரெண்டுதான் நான் தட்டுனது... ஆமா, ரெண்டுதான். மிச்சம் எனக்க கை தட்டுனது.”

“...பெருமாளு?... லே?... சாரே?”

அந்தப் பக்கம் போனை வைத்தாகிவிட்டது.